அடுத்த ஆவர்த்தனம் உன்னுடையது

வாரத்துக்கு ஒரு கர்நாடக சங்கீத வகுப்பு, ஒரு மணி நேரம். மும்பை செம்பூரில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் பாடிவிட்டுப் போகும் பிள்ளை, மீதி ஆறு நாளும் நேருலிலோ முலுண்டிலோ தன் வீட்டில் என்ன பாடுகிறது என்பது எனக்குத் தெரிய வழியில்லை. அடுத்த வகுப்பில்தான் தெரியும். போன வாரம் சரியாக இருந்த வரி அடையாளம் தெரியாமல் திரும்பி வரும். காந்தாரம் ('க' சுவரம்) ஏறியிருக்கும், தாளம் ஓடியிருக்கும், நான் சொல்லிக்கொடுக்காத ஒரு சங்கதி (அதே வரியின் மாற்று வடிவம்) எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வகுப்பில் பாதி நேரம் அதைத் துடைப்பதிலேயே கழியும். அந்த ஆறு நாட்களுக்காகத்தான் சாதகப் பதிவுகள், அதாவது வீட்டில் பயிற்சி செய்வதற்கான ஒலிப்பதிவுகள், செய்து கொடுக்கத் தொடங்கினேன்.

"யூடியூபில்தான் எல்லாம் இருக்கிறதே, டீச்சர்" என்று பெற்றோர்கள் சொல்வார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் கச்சேரி. ஒரு வித்வான் ஒரு கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு; எண் ஏற ஏற சுருதியும் ஏறும்) பாடியதை ஐந்தரைக் கட்டைப் பெண் குழந்தை கேட்டுக் கூடவே பாட முயன்றால் என்ன ஆகும்? ஒன்று, தொண்டையை அடியில் அழுத்தி உறுமும். இல்லையென்றால் நடுவில் எங்கோ ஒரு சுருதியைத் தானாகவே பிடித்துக்கொண்டு தம்பூராவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாமல் பாடும். பாடாந்தரமும், அதாவது குரு வழி வந்த பாடும் முறையும், வேறாக இருக்கும். வயலினும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கையில் பிள்ளைக்குத் தன் குரல் கேட்கவே கேட்காது. மேடையில் பாடுகிறவருக்குத் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை மகிழ்விக்கும் பொறுப்பு உண்டு. நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு இல்லை. ஆகவே ஷண்முகானந்தா அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் செய்யுங்கள், யூடியூபிலும் கேட்கட்டும், அதோடு சேர்ந்து பாடவேண்டாம் என்பதுதான் என் பதில்.

இனி என் பதிவுகளுக்கு வருகிறேன். அவற்றில் பாதி நேரம் நான் பாடுவதில்லை. புதிதாகச் சேரும் பெற்றோருக்கு இது விசித்திரமாகப் படுகிறது. நான் ஒரு வரி பாடுவேன். பிறகு தம்பூராவும் தாளமும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்த இடம் பிள்ளையுடையது. அடுத்து மறுபடியும் நான். இப்படியே கடைசி வரை.

ஆசிரியரின் குரலோடு சேர்ந்து பாடும்போது பிள்ளையின் காது ஆசிரியரின் சுவரத்தைக் கேட்டுவிட்டு அதைத் தன்னுடையது என்று நம்பிவிடுகிறது. சேர்ந்து பாடும்வரை எல்லாம் சரியாக இருக்கும். குரலை எடுத்துவிட்டால் நிஷாதம் எங்கே என்று தேடும். தனியாக விடப்பட்ட அந்தச் சில நொடிகளில்தான் அது தம்பூராவைத் தன் குரலோடு ஒட்டிப் பார்க்கிறது. முழுப் பாட்டையும் ஒரே மூச்சாகப் பாடிக் கொடுத்த பதிவை ஒரு மாதம் கேட்ட பிள்ளையும், இடைவெளி விட்ட பதிவில் ஒரு வாரம் பாடிய பிள்ளையும் வகுப்பில் வந்து உட்காரும்போது வித்தியாசம் முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

இடைவெளியின் அளவில் தாராளமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பயிற்சியான முதல் சரளி வரிசையை முதல் காலத்தில் (எண்ணிக்கைக்கு ஒரு சுவரம்; இரண்டாம் காலத்தில் இரண்டு) எடுத்துக்கொண்டால், ஆரோகணம் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று, எட்டு எண்ணிக்கை), அவரோகணம் இன்னோர் ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்று வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து 16 நொடி. நான் 16 நொடி பாடினால் பிள்ளைக்கும் அதே 16 நொடி வேண்டும். அந்த நேரத்தில் தாளத் தட்டு நிற்கக் கூடாது. ஆதி தாளத்தின் அங்கங்களான லகுவும் இரண்டு துருதமும் காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் என் அடுத்த வரி சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) வந்து விழும்போது பிள்ளைக்குத் தான் எங்கே இருந்தோம் என்பது தெரியும்.

ஒரு முறை பாடிவிட்டுக் கணினியில் நடுநடுவே மௌனத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒட்டலாம். ஆனால் தம்பூராவைத் தனித் தடத்தில் வைக்காவிட்டால் ஒவ்வொரு ஒட்டிலும் அது அறுந்து அறுந்து கேட்கும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பாடி, பிள்ளையின் முறை வரும்போது அதே வரியை மனத்துக்குள் பாடுகிறேன். மனத்துக்குள் பாடுவது முக்கியம். சும்மா காத்திருந்தால் நமக்கு அவசரம் வந்துவிடும்; பிள்ளை மூச்சு எடுப்பதற்குள் அடுத்த வரியைத் தொடங்கிவிடுவோம். கற்றுக்கொடுக்கிறவர்களுக்குப் பொதுவாக மௌனம் தாங்காது.

எடுப்பு (பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம்) சமத்தில் இல்லாத உருப்படிகளுக்கு இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. தட்டு விழுந்து அரை இடம் தள்ளித் தொடங்கும் பல்லவி என்றால் பிள்ளை என் குரலுக்காகவே காத்திருக்கப் பழகிவிடும். அதனால் முதல் சுற்றில் மட்டும் எடுப்பின் முதல் எழுத்தை நான் எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டாவது சுற்றில் அதுவும் கிடையாது. தட்டைக் கேட்டுத் தானே எடுக்கவேண்டும்.

பாடும் முறையிலும் கொஞ்சம் அடக்கம் தேவைப்படுகிறது. தம்பூரா ஒலிக்க, கதவு சாத்தியிருக்க, கேட்க ஆளில்லாத அறையில் உட்கார்ந்தால் தொண்டைக்குக் கச்சேரி ஆசை வந்துவிடும். ஒரு பிருகா (வேகமான சுவரக் கோவை), முடிவில் ஒரு சின்ன வளைவு, நன்றாக வந்துவிட்டதே என்று இன்னொரு சங்கதி. பிள்ளை அவ்வளவையும் நகலெடுக்கும், அரைகுறையாக. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது எதுவோ அது மட்டும்தான் பதிவில் இருக்கவேண்டும். கீர்த்தனையில் ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு கோப்பு. வர்ணத்தில் முக்தாயி சுவரம் (முதல் பாதியின் முடிவில் வரும் சுவரப் பகுதி) தனி, சரணத்துக்குப் பின் வரும் சுவரங்கள் ஒவ்வொன்றும் தனி. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் பத்து வயதுப் பிள்ளை அதை இரண்டாம் முறை திறக்காது. பெயரையும் அது தேடும் விதத்தில் வைக்கவேண்டும்: ராகம், பகுதி, காலம். 'புதிய பதிவு 47' என்று கைபேசி தானே வைக்கும் பெயரோடு அனுப்பினால் பெற்றோர் அதைக் கல்யாண வீடியோக்களுக்கு நடுவில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சுருதிக்கு வருகிறேன். வகுப்பில் எல்லோரையும் ஒரே கட்டையில் உட்கார்த்திப் பாடவைப்பது நிர்ப்பந்தம். பதிவுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒருவருக்கு ஐந்து கட்டை, ஒருவருக்கு ஆறு என்றால் இரண்டிலும் பாடிக் கொடுத்துவிடுகிறேன். அலுப்பான வேலைதான். செயலியில் சுருதியை ஏற்றி இறக்கலாமே என்றால், அரைக் கட்டை நகர்த்துவது வரை காதை உறுத்தாது. அதற்கு மேல் நகர்த்தினால் குரல் ஒன்று பொம்மை போல் கீச்சிடும், அல்லது ஆழ்கிணற்றிலிருந்து வருவது போலாகும். உயிரெழுத்தின் வடிவமே மாறிவிடுவதால், அகாரம் எப்படித் திறக்கவேண்டும் என்பதைப் பிள்ளை தவறாகக் கற்கும். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு என்னால் எந்தக் கட்டையிலும் பாடிக் கொடுக்க முடியாது. அவர்களுக்கான பதிவுகளை டோம்பிவிலியிலிருந்து வரும் மூத்த மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவர் இரண்டு கட்டை. என் பாடாந்தரத்தை அவர் குரலில் கேட்டால் பையன்களுக்குக் கூச்சமும் குறைகிறது.

வேகத்தைக் குறைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் தொழில்நுட்பம் தெரிந்த பெற்றோர்கள் உற்சாகமாகக் கை வைக்கிறார்கள். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரில் வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கிவிடும். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தால் பாடகர் அரைக் கட்டை இறங்கியிருப்பார். இப்போதைய செயலிகள் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் பாதியாக்குகின்றன. சரளி, ஜண்டை, அலங்காரம் வரை இதனால் பெரிய கெடுதல் இல்லை. கமகத்தில், அதாவது சுவரத்தை அசைத்துப் பாடுவதில்தான் சங்கடம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டிருப்பது. பாடகர் விளம்பத்தில் (மெதுவான நடையில்) பாடும்போது அதே ஓர் அசைவை ரப்பர் போல இழுத்து நீட்டுவதில்லை. நீளத்துக்கு ஏற்ப அசைவைக் கூட்டியும் நிறுத்தியும் வேறாக அமைக்கிறார். இயந்திரம் நீட்டினால் அந்தக் காந்தாரம் தோடியில் இல்லாத ஒரு வழுக்கலாகக் கேட்கும். பிள்ளை அதையும் உண்மையாகக் கற்றுக்கொண்டு வரும். ஆகவே மெதுவான பதிவு வேண்டுமென்றால் மெதுவாகவே பாடிப் பதிவு செய்யவேண்டும். குறுக்குவழி இல்லை.

மும்பைக்கே உரிய ஒரு தேவையும் இருக்கிறது. இங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. சாகித்யத்தைப் பாட்டு நோட்டில் தேவநாகரியில் எழுதிக்கொள்கிறார்கள். தெலுங்கு, சமஸ்கிருத உருப்படிகளில் இது வரம் என்றே சொல்வேன். தமிழில் எழுதினால் ஒரே 'க' நான்கு ஒலிக்கும் நிற்கும். தேவநாகரியில் நான்கும் தனித்தனி. தமிழ்ப் பாட்டு வந்தால்தான் வண்டி தடுமாறுகிறது. எகர ஒகரக் குறிலுக்கு அவர்களுக்குப் பழகிய எழுத்து கிடையாது, எல்லாம் நெடிலாகிவிடும். மராட்டி தெரிந்த பிள்ளை என்பதால் ளகரம் அருமையாக வரும். ழகரமும் அதே ளகரத்தில் போய்க் கலந்துவிடும். றகரத்தைக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு நான் செய்வது, பாடுவதற்கு முன் வரியை வெறுமே பேசிப் பதிவு செய்வது. முதலில் சொல் சொல்லாக, பிறகு வரியாக. அதற்கும் இடைவெளி விடுவேன், பிள்ளை திருப்பிச் சொல்ல. பிறகுதான் ராகத்தில். சேடா நகர் முருகன் கோயிலில் பாடுவதற்காகத் திருப்புகழ் கற்கும் பிள்ளைகளுக்கு இது இல்லாமல் ஓரடி நகர முடியாது. அருணகிரிநாதரின் சந்தத்தில் ஒரு குறில் நெடிலானால் தாளமே சாய்ந்துவிடும். பொருளையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். பாட்டிகள்தான் இந்தப் பகுதியை அதிகம் விரும்பிக் கேட்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

பதிவு செய்யும் இடமும் நேரமும் இந்த ஊரில் பெரிய பாடு. மும்பையில் அமைதியான நேரம் என்று ஒன்று கிடையாது, சத்தம் குறைந்த நேரம்தான் உண்டு. விடியற்காலையில் குரல் சுத்தமாக இருக்கும். அப்போதுதான் தண்ணீர் வரும், சொசைட்டியின் மோட்டார் ஓடும். பிறகு பாவ் விற்பவரின் சைக்கிள் ஹாரன், எட்டு மணிக்கு நாலு வீட்டுக் குக்கர், ஜன்னல் விளிம்பில் நாளெல்லாம் முனகும் புறா. ஜூன் பிறந்தால் ஜன்னல் மேல் தகரத்தில் மழை. கணபதி உற்சவ நாட்களில் டோல் தாஷா மேளத்தோடு போட்டி போட எனக்கு உத்தேசமில்லை. அந்த வாரங்களுக்கு வேண்டியதை முன்பே பாடி வைத்துவிடுகிறேன். காட்கோபரில் இருக்கும் என் தோழிக்கு இவற்றோடு தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் கட்டடத்தில் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை சுவரில் துளை போடக்கூடாது என்று விதி. ஆகவே அதுதான் என் நேரம். சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளிவைத்துவிடுவேன். வயிறு நிறைந்தால் மேல் ஸ்தாயி எட்டாது.

இதில் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல ஆசை. ஹாரனும் குக்கரும் வந்து போய்விடும். மோட்டார் சுருதியைக் கெடுக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரும் பழைய டியூப்லைட் சோக்கும் அதன் இரு மடங்கில், அதாவது 100 ஹெர்ட்ஸில் முனகுபவை. மோட்டாரிலும் அந்த முனகல் உண்டு. ஐந்து கட்டையின் மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ்தாயி 'ஸ') ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ், ஐந்தரைக் கட்டையினுடையது 104. இந்த முனகல் சரியாக இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து கட்டையில் தம்பூரா வைத்துப் பாடினால் மந்தரத் தந்தியோடு அது உரசி ஒருவித அலைச்சலைக் கிளப்பும். கேட்கும் பிள்ளைக்குக் காரணம் தெரியாது. காதுக்கு ஏதோ சேரவில்லை என்று மட்டும் தெரியும். மற்ற சத்தங்களைப் பொறுத்துக்கொள்ளலாம், தொடர்ந்து ஒலிக்கும் எதையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. டியூப்லைட்டை அணையுங்கள், ஃபிரிட்ஜ் இருக்கும் அறையை விட்டு நகருங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள். மே மாதத்தில் அது தவம்தான்.

மற்றபடி கருவிகளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கைபேசி போதும். படுக்கையறையில் துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்கார்ந்து பாடினால் எதிரொலி அடங்கிவிடும். கைபேசியை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில், மடித்த துண்டின் மேல் வைக்கவேண்டும்; பகரம் வரும்போது காற்று இடிக்காது, தாளத் தட்டும் மேஜை வழியாக ஏறாது. சுருதிப்பெட்டி கைபேசியிலிருந்து இரண்டு மூன்று அடி விலகி இருக்கட்டும். பாடத் தொடங்குமுன் விமானப் பயன்முறை. முக்தாயி சுவரத்தின் நடுவில் கடன் வேண்டுமா என்று யாரோ அழைப்பதைத் தவிர்க்க வேறு வழியில்லை.

அனுப்புவதிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியாக அனுப்புவது சுலபம். ஆனால் அது பேச்சுக்காகச் சுருக்கப்படுவது. தம்பூராவின் மேலொலிகள் தேய்ந்து வெறும் ரீங்காரம்தான் மிஞ்சும். கோப்பாக, ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் பதிவு செய்தபடியே போகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு நிமிடத்துக்கு ஒரு எம்பி அளவுதான், யாருக்கும் பாரமில்லை. குரல் செய்தியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வேகத்தைக் கூட்டும் பொத்தான். ஒரு பையன் அலங்காரங்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதோடு பாடிச் சாதகத்தைப் பாதி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தான். கேட்டபோது, "இரண்டாம் காலம், டீச்சர்" என்றான். தாளத்தில் பிழை சொல்ல முடியவில்லை. வீடியோ வகுப்புகளிலும் இதே வகைச் சிக்கல் எழும். நிலையாக ஒலிப்பதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு நீக்கும் ஏற்பாடு அந்தச் செயலிகளில் இருப்பதால் தம்பூரா மறைந்து மறைந்து வரும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கினால் சரியாகும்.

வேலைக்குப் போகும் மாணவிகளின் நிலை வேறு. டோம்பிவிலியிலிருந்து தென்மும்பையின் சிஎஸ்எம்டி ரயில் முனையம் வரை போக ஒரு மணி நேரத்துக்கும் மேல். லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு கேட்கலாம், பாட முடியாது. இடைவெளி விட்ட பதிவு அங்கே பயன்படுவதில்லை. அடுத்த நிலையத்தின் பெயர் மூன்று மொழிகளிலும் வந்து அந்த ஆவர்த்தனத்தை நிரப்பிவிடுகிறது. அவர்களுக்கு மட்டும் முழுப் பாட்டும் இடைவெளியில்லாமல், கொஞ்சம் உரத்த தாளத்தோடு. விரலால் தாளம் போட்டபடி கேட்கவேண்டும் என்பது நிபந்தனை. கூட்டத்தில் தொடையைத் தட்டினால் பக்கத்தில் நிற்பவரின் தொடையாக இருந்துவிடக் கூடும் என்றாள் ஒருத்தி. நியாயம்தான். விரல் எண்ணிக்கையே போதும்.

ஒரு வரி நிலைத்துவிட்டது என்று தோன்றியதும் மூன்றாவது வகைப் பதிவுக்குப் போகிறேன். அதில் தம்பூராவும் தாளமும் மட்டும். என் குரல் அறவே இல்லை. முதல் முறை அதை அனுப்பியபோது ஒரு மாணவனின் அம்மா உடனே அழைத்துவிட்டார். "டீச்சர், ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது போலிருக்கிறது, நீங்கள் பாடினது எதுவுமே வரவில்லை." விளக்கியபோது அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை; கொடுத்த சம்பளத்துக்குக் காலி டப்பா வந்த வருத்தம் குரலில் இருந்தது. ஆனால் பழைய பதிவுகளைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். வைத்திருந்தால் பிள்ளை தயங்கும் இடத்திலெல்லாம் அதைத்தான் திறக்கும். யோசித்து ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டிய வரியைக் கேட்டே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் எதிர்த்திசைப் பதிவு: அவர்கள் பாடி எனக்கு அனுப்புவது. இதற்கு விதிகள் கொஞ்சம் கறாரானவை. ஒரு நிமிடம், அன்றைய பாடத்தின் ஒரு பகுதி மட்டும், தம்பூரா அவசியம், வீடியோ வேண்டாம். வீடியோ என்றால் தலை வாரிப் பொட்டு வைத்துப் பின்னணியில் புதுத் திரைச்சீலை மாட்டுவதிலேயே குடும்பத்துக்கு மாலை போய்விடும். தம்பூராவைப் புளூடூத் இயர்போனில் மட்டும் கேட்டுக்கொண்டு பாடினால் எனக்குக் குரல் மட்டுமே வரும், சுருதி சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. இன்னொரு கருவியில் வெளியே ஒலிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்புவதற்கு முன் தான் பாடியதைத் தானே ஒரு முறை கேட்டு, எந்த இடம் சரியில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பவேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் 'நன்றாக இருக்கிறது' என்றே எழுதினார்கள். இப்போது 'இரண்டாவது பதநி இறங்கிவிட்டது, மறுபடி பாடினேன், மறுபடியும் இறங்கிவிட்டது' என்று வருகிறது. அந்த வரியைப் படித்த பிறகு பதிவைக் கேட்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை.

சனிக்கிழமை வகுப்பு என்றால் வியாழன் இரவுக்குள் அனுப்பிவிடவேண்டும். அதற்குப் பிறகு வருவதை வகுப்பிலேயே பாடிக்காட்டச் சொல்லிவிடுகிறேன்.